பெயருக்கு இடம் விட்ட கடிதம்

கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டறியாத மனிதர் ஞானாபரணம். கால்பந்து ஒரே ஒருமுறை அவரைத் தொட்டிருக்கிறது. மைதானத்து ஓரமாகக் குடை பிடித்துப் போய்க்கொண்டிருந்தவர் முதுகில் வந்து விழுந்தது. ஐம்பத்தாறு வயது வரைக்கும் ஒரு ஆட்டமும் ஆடாமல், ஆடுகிறவர்களையும் ஒன்றும் சொல்லாமல், பீளமேட்டில் கோவிந்தராஜுலு நாயுடுவின் பம்ப் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் எழுதிப் பிழைத்து வந்தார். அந்த அப்பாவி மனிதருக்கு 1961-ஆம் வருஷம் ஆடி மாதம் வந்தது வினை. முதலாளியின் மகன் ரங்கராஜ் இங்கிலாந்தில், லங்காஷயரில் இரண்டு வருஷம் படித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

பையன் நல்ல பையன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். வாயைத் திறந்தால்தான் தொல்லை. மெட்ராஸ் ஏஜெண்டு பதில் போடாவிட்டால் "பந்து இப்ப அவங்க கோர்ட்டுல" என்பான். டென்னிஸாம், அடுத்தபடி செய்ய வேண்டியது அவர்கள் என்று அர்த்தமாம். இரும்புக்கு லைசென்ஸ் கிடைக்காமல் இழுபறியானால் "ஸ்டிக்கி விக்கெட்" என்பான். மழையில் ஊறிய தரையில் பந்து எப்படி எழும்பும் என்று தெரியாமல் மட்டைக்காரன் திண்டாடுவானாம். அட, சிக்கல் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைச் சொன்னால் வாய் வெந்தா போகும்?

சொல்லிவிட்டுப் போனாலும் பரவாயில்லை. ஞானாபரணம் எழுதிக் கொண்டுபோய் வைக்கிற கடிதங்களில் சிவப்பு மையால் அடித்து, இந்தச் சங்கதிகளையெல்லாம் நடுவில் செருக ஆரம்பித்தான். 'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தோம்' என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதிவந்த முதல் வரிக்கே முதல் வெட்டு விழுந்தது. பம்பாயிலிருந்து வந்த பேரிங் பாதி உடைந்திருந்தது. மாற்றி அனுப்பும்படி இவர் மரியாதையாக எழுதியிருந்தார். அதன் அடியில் 'இது கிரிக்கெட் அல்ல' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தான்.

"பேரிங்குக்கும் கிரிக்கெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார் ஞானாபரணம்.

"நியாயமில்லைன்னு அர்த்தம் சார்."

"அப்ப நியாயமில்லைன்னே எழுதிப்போடலாமுங்களே?"

"அது குத்தும் சார். இது குத்தாது. இங்கிலீஷ்காரன் குத்தாம சொல்றதுக்குத்தான் இதெல்லாம் வெச்சிருக்கறான்."

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மனைவி ரூத்திடம் கொட்டித் தீர்த்தார். ரூத் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குங்க இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடறாங்க? உங்ககிட்ட என்ன கண்ணாமூச்சியா ஆடறாங்க?" என்றாள்.

கண்ணாமூச்சியும் ஆட்டந்தானே என்று நினைத்ததும் அவருக்கு எரிச்சல் இன்னும் ஏறிவிட்டது. ஆட்டத்துக்குத் தப்பி வீட்டுக்கு வந்தால் இங்கேயுமா?

எரிச்சலுக்கு அடியில் பயம் இருந்தது. மெட்ராஸிலிருந்து சுருக்கெழுத்து தெரிந்த ஒரு ஆளைக் கொண்டுவரப் போவதாக ரங்கராஜ் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது. மகள் விமலாராணி மெட்ராஸில் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். இன்னும் ஒரு வருஷம். அவள் கையில் சர்டிபிகேட் வருகிறவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு நாற்காலியை யார் எடுத்துக்கொண்டு போனாலும் அவருக்குக் கவலையில்லை. நாற்காலிக்காகத்தான் சிவப்பு மையை எல்லாம் பொறுத்துக்கொண்டார்.

இங்கே முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோவிந்தராஜுலு நாயுடு நாலாவது வரை படித்தவர். வார்ப்பு இரும்பைச் சுண்டிப் பார்த்தே உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒரு மனிதனை முகத்துக்கு நேரே பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. கடன் கேட்டு வந்தவனுக்கும் காபி, சண்டைக்கு வந்தவனுக்கும் காபி. அதனால் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. நல்ல சேதியை முதலாளி தமிழில் தன் வாயால் சொல்வார். கெட்ட சேதி என்றால் இங்கிலீஷில் கடிதம். ஞானாபரணம் எழுதுவார், முதலாளி தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷான கையெழுத்தைப் போட்டுவிட்டு, அன்றைக்கு மத்தியானமே தோட்டத்துக்குப் போய்விடுவார்.

கடிதம் வாங்கியவனுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? அவன் நேராக ஞானாபரணத்திடம்தான் வருவான். "ஏனுங்க, என்னமோ காயிதம் குடுத்திருக்காங்க, படிச்சுச் சொல்லுங்க" என்பான். இவரும் தான் எழுதியதைத் தானே கையில் வாங்கி, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துப் படிப்பார். 'உடனே வேலையை விட்டு நீக்கப்படுகிறீர்' என்று இருக்கும். "இத்தனை நாள் பட்ட பாட்டை முதலாளி நெம்ப மெச்சியிருக்காருங்க. இனி கொஞ்சம் ஓய்வா இருக்கோணும்னு பிரியப்படறாரு" என்று சொல்வார். இரவில் தூங்கிப்போன வாட்ச்மேன் ஒருவன் அதைக் கேட்டு, முதலாளிக்கு நன்றி சொல்லத் தோட்டம் வரைக்கும் போய்விட்டான். எழுதுகிற பாவமும் இவருக்கு, படிக்கிற பாவமும் இவருக்கு. மனசு தாங்காமல், கடிதம் வரப்போகிறவனை முதல் நாளே கூட்டிக்கொண்டு போய் கேட் கடையில் டீ வாங்கிக் கொடுப்பார். இது இரும்பு வார்க்கிற பவுண்டரி முழுக்கத் தெரிந்துபோனது. ஞானாபரணம் டீ வாங்கிக் கொடுத்தால் காயிதம் வரும் என்று பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு அவரோடு டீ குடிக்க ஒருத்தனும் துணியவில்லை.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். திங்கட்கிழமை காலையில் ரங்கராஜ் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்தினான்.

"ஒரு லெட்டர் வேணும் சார். நம்ம கம்பெனியில இருபது வருஷத்துக்கு மேல இருக்கற ஒருத்தரை இந்த மாசம் முப்பதாந்தேதியோட நிறுத்தறோம். மனசு நோகக்கூடாதுன்னு அப்பா கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அதனால நான் சொல்ற மாதிரி இங்கிலீஷ்ல, ஆட்டத்து பாஷையில இருக்கோணும். பேருக்கு மட்டும் எடம் விட்டுடுங்க. சனிக்கிழமை குடுத்தாப் போதும்."

இதைச் சொன்னபோது அவன் மேசைமேல் இருந்த மைக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்கு என்று கேட்க ஞானாபரணத்துக்கு வாய் வரவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வார்ப்புக்கு மணலில் அச்சுப் பிடிக்கிற மோல்டர் வேங்கடசாமி, கையில் துணிக்கட்டோடு, மணலை மெதுவாகச் சலித்துக்கொண்டிருந்தான். கம்பெனி வெறும் தகரக் கொட்டகையாக இருந்த காலத்தில் இவரும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். போன மாதம் உருகிய இரும்பு தெறித்து அவன் வலது கை வெந்துபோயிருந்தது.

அட, வேங்கடசாமிக்கு!

அந்த நிமிஷம் ஞானாபரணத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எனக்கில்லை, எனக்கில்லை என்று உள்ளே ஒரு குரல் கும்மாளம் போட்டது. அப்புறந்தான் 'ஐயோ பாவம்' வந்தது. ஒருத்தன் வேலைக்கு உலை வைக்கிற கடிதத்தை அந்த ஆளையே எழுதச் சொல்வார்களா என்ன, உலகத்தில் அப்படிக்கூட நடக்குமா? நடக்காது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். இந்தக் கடிதத்தை ரங்கராஜ் மெச்சும்படி எழுதிவிட்டால் தன் நாற்காலி பிழைத்தது என்றும் கணக்குப் போட்டார்.

அன்று சாயங்காலமே மிஷன் பள்ளி மைதானத்துக்குப் போனார். டிரில் மாஸ்டர் அமிர்தநாதன் சர்ச் பாட்டுக் குழுவில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்; எல்லா ஆட்டமும் தெரிந்தவர்; கேட்டால் விடமாட்டார்.

"ஒருத்தரை மரியாதையா வேலையை விட்டு அனுப்போணும். ஆட்டத்துல அதுக்கு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார் ஞானாபரணம்.

அமிர்தநாதனுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"துண்டைத் தூக்கிப் போடறதுன்னு ஒண்ணு இருக்குதுங்க. குத்துச்சண்டை. ஆள் அடி தாங்காதபோது அவனோட வாத்தியார் துண்டை உள்ள எறிஞ்சிடுவாரு. போதும், தோத்துட்டோம்னு அர்த்தம்."

"எங்க ஆள் தோக்கலீங்களே! இருபத்திரண்டு வருஷம் ஒழுங்கா வேலை செஞ்சவன். வேற சொல்லுங்க."

"பூட்ஸை ஆணியில மாட்டறது. கால்பந்துல. இனிமே ஆடலைன்னு அர்த்தம். ஆனா அது ஆடறவன் தானாச் சொல்லிக்கறது. அடுத்தவன் பூட்ஸை நீங்க எடுத்து மாட்ட முடியாது."

"அவன் பூட்ஸே போடறதில்லீங்க. வெறுங்கால்." ஞானாபரணத்துக்குத் தலைவலி தொடங்கிவிட்டது.

"அப்ப கிரிக்கெட்டுக்கு வாங்க. நல்ல இன்னிங்ஸ் ஆடினார்னு சொல்லலாம். ரொம்ப நேரம் அவுட் ஆகாம நின்னு ஆடினவரைச் சொல்றது. நூறு வயசுல செத்தவங்களையும் இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்லுவான். நம்மூர்ல கல்யாணச் சாவுங்கறோமே, அந்த மாதிரி."

"உயிரோட இருக்கற ஆளுங்க இவன்!"

"உயிரோட இருக்கறவருக்கும் சொல்லலாம், சொல்றாங்க. ஆனா ஒண்ணு பாத்துக்கோங்க. ஆட்டம் முடிஞ்சு வெளிய வர்றவரைப் பாத்துச் சொல்றதுதான் மரியாதை. உள்ள நின்னு ஆடிக்கிட்டிருக்கறவர்கிட்டப் போய் நல்லா ஆடினீங்கன்னு சொன்னா, வெளிய போடான்னு சொன்ன மாதிரி."

சொன்னது போதாதென்று ஞானாபரணத்தின் கையில் ஒரு மட்டையைக் கொடுத்து, வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, மூன்று குச்சிகளுக்கு முன்னால் நிறுத்திவைத்தார். முதல் பந்து முழங்காலில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. போகிற காலத்தில் இதுவும் எனக்கு வேண்டுமா என்று நொந்துகொண்டே நொண்டி நொண்டி வீடு வந்தார்.

ரூத் முழங்காலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

"துண்டைப் போடறது, பூட்ஸை மாட்டறது... ஒருத்தனைத் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓட வெக்கறதுக்கு இத்தனை அலங்காரமுங்களா? நாளைல இருந்து வர வேண்டாம்னு சொல்லிப்போட்டா என்ன?"

"அது குத்துமாம்."

"குத்தாதுங்களா பின்ன? குத்தற சேதிதானே? பூவுல பொதிஞ்சு குடுத்தா ஊசி பஞ்சாயிடுமா?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியாது. சும்மா இரு" என்றார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை வேங்கடசாமியைப் பவுண்டரி வாசலில் பார்த்தார். மனசு கேட்கவில்லை. "வாப்பா, ஒரு டீ குடிக்கலாம்" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். வேங்கடசாமியின் முகம் சாம்பலாகிவிட்டது.

"ஏனுங்க, எனக்குங்களா?" என்றான்.

"என்னது உனக்கு? டீதானப்பா."

"டீ வேண்டாமுங்க. நானு டீயை நிறுத்திப்போட்டனுங்க. கை ஆறிப்போச்சுங்க, பாருங்க" என்று துணிக்கட்டை அவிழ்த்து, வெந்த விரல்களை அவர் கண்ணுக்கு முன்னால் மடக்கி மடக்கி நீட்டிக் காட்டினான். ஞானாபரணம் ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அந்த விரல்கள் அவரை விடவில்லை. கடிதத்தை நாலு தடவை கிழித்துப்போட்டு எழுதினார். வெள்ளிக்கிழமை மறுபடியும் அமிர்தநாதனிடம் போய் நச்சரித்தார். தோல்வி இல்லாததாக, அவமானம் இல்லாததாக, யாரும் யாரையும் வெளியே தள்ளாததாக ஒன்று வேண்டும் என்றார். அமிர்தநாதன் தாடையைச் சொறிந்து யோசித்தார்.

"ஸ்டம்பைப் பிடுங்கறதுன்னு ஒண்ணு இருக்குதுங்க. சாயங்காலம் வெளிச்சம் போச்சுன்னா அம்பயர் வந்து ஸ்டம்பைப் பிடுங்கிடுவாரு. அன்னைக்கு ஆட்டம் அவ்வளவுதான். அதுல ஆட்டக்காரன் மேல தப்பில்லை. பொழுது போனதுதான் காரணம்."

ஞானாபரணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இதுதான். இதற்குத்தானே ஐந்து நாளாக அலைந்தது! வேங்கடசாமி தோற்கவில்லை, பொழுது சாய்ந்தது, அவ்வளவே. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினார். 'நீண்ட, அழகான ஒரு இன்னிங்ஸைத் தாங்கள் ஆடியிருக்கிறீர்கள். நேரான மட்டையோடு ஆடினீர்கள். வெளிச்சம் மங்குகிறது. ஸ்டம்புகளைப் பிடுங்கும் நேரம் வந்துவிட்டது. இதில் தோற்றவர் யாருமில்லை.' நேரான மட்டை என்றால் நேர்மை. படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. ஆட்டமே ஆடாதவன் இப்படி எழுதிவிட்டானே என்று பெருமையாகவும் இருந்தது.

சனிக்கிழமை, முப்பதாம் தேதி காலையில் ரங்கராஜ் அதைப் படித்தான். இரண்டு தடவை படித்தான். சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை.

"சார், இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது" என்றான். சொல்லும்போது மறுபடியும் மைக்கூட்டைத்தான் பார்த்தான். ஞானாபரணத்துக்கு நாற்காலியின் நாலு காலும் தரையில் நன்றாக ஊன்றிவிட்டதுபோல் இருந்தது. வெளியே வந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு வாயில் ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பேனாவைக் கழுவி வைத்தார்.

மூன்று மணிக்கு ரங்கராஜ் வந்து ஒரு உறையை அவர் மேசைமேல் வைத்தான். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டான். ஞானாபரணம் உறையைப் பிரித்தார். அவருடைய கடிதந்தான். டைப் அடித்து, அடியில் முதலாளியின் கையெழுத்து. மேலே பெயருக்கு விட்ட இடத்தில் 'திரு. எஸ். ஞானாபரணம்' என்று இருந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது கதையில்லை. காசு கொடுத்தவன் இதோ உட்கார்ந்திருந்தான். துண்டு, பூட்ஸ், இன்னிங்ஸ், ஸ்டம்பு என்று ஒவ்வொன்றாகத் தேடி, எது வலிக்காது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது எல்லாம் இவர் கழுத்துக்குத்தான். அத்தனையும் வலித்தது. நீண்ட, அழகான இன்னிங்ஸ்! அவருக்கு வந்த கோபத்தில் மைக்கூட்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், மூடியைத்தான் திருகி மூடினார்.

முதலாளி தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஞானாபரணம் போய் வாசற்படியில் நின்றார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?" என்றார் கோவிந்தராஜுலு நாயுடு. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

ஞானாபரணம் கடிதத்தை நீட்டினார். "ஏனுங்க, என்னமோ காயிதம் குடுத்திருக்காங்க. படிச்சுச் சொல்லுங்க."

முதலாளி கை நீட்டவில்லை. "எனக்கு எங்கீங்க இங்கிலீஷ் வரும்? உங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாரும் எங்கிட்டத்தானுங்க கொண்டாருவாங்க. நான் யாருகிட்டக் கொண்டுபோறது? நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. சொல்லுங்க, என்ன எழுதியிருக்குது?"

"மொதல்ல காபி..."

"காபி வேண்டாமுங்க!"

அந்த அறையில் ஞானாபரணம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பையன் வேற ஆள் பாத்துட்டானுங்க. நான் என்ன பண்றது? உங்களுக்குப் போற காயிதம் அரைகுறையா இருக்கக்கூடாது, நெம்ப நல்லா இருக்கோணும்னு நான்தான் சொன்னேன். கம்பெனியில நல்லா எழுதறது யாருன்னு பாத்தா... நீங்கதானுங்களே இருக்கறீங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளமே இல்லை. மரியாதை செய்ததாகத்தான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க ஞானாபரணத்துக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்ப நானே படிக்கறனுங்க. கேளுங்க" என்று கடிதத்தைப் பிரித்தார். "'ஞானாபரணம், நீ இருபத்திரண்டு வருஷம் ஒழுங்கா வேலை செஞ்சே. உன் இங்கிலீஷ் பழசாப் போச்சு. இன்னைக்கோட எந்திரிச்சு வெளிய போ.' அவ்வளவுதானுங்க."

"அப்படியா எழுதியிருக்குது?" முதலாளி பதறிப்போனார். "நோகாம எழுதச் சொன்னனுங்களே!"

"நோகாமத்தானுங்க எழுதியிருக்குது. அர்த்தம் இதுதான்."

"அப்ப இத்தனை வருஷம் நாம குடுத்த காயிதமெல்லாம் இப்படித்தானுங்களா? நன்றி சொல்ல அந்த வாட்ச்மேன் தோட்டத்துக்கே வந்தானுங்களே?"

"காயிதமெல்லாம் இப்படித்தானுங்க. அவங்களுக்கு நான் வேற மாதிரி படிச்சுச் சொன்னேன். எனக்குப் படிச்சுச் சொல்ல ஆளில்லீங்க. அதனால நீங்களே தமிழ்ல சொல்லிப்போடுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

சோதனைத் தொட்டியில் பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. முதலாளி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். ஞானாபரணம் நகரவில்லை. கடைசியில் முதலாளி அவர் முகத்தை நேராகப் பார்த்தே சொன்னார்.

"திங்கக்கெழமையில இருந்து நீங்க வர வேண்டாமுங்க."

சொல்லி முடித்ததும் கோவிந்தராஜுலு நாயுடு அழுதுவிட்டார். ஞானாபரணத்துக்கு அழுகை வரவில்லை. குத்தியது; ரூத் சொன்ன மாதிரி குத்தத்தான் செய்தது. ஆனால் ஐந்து நாளாக மண்டைக்குள் உருண்டுகொண்டிருந்த பந்தெல்லாம் நின்றுவிட்டது.

"இந்த ஒரு வரிக்குத்தானுங்க நான் மைதானம் மைதானமா அலைஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மகள் விமலாராணிக்கு என்ன எழுதுவது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும். இங்கிலீஷில் எழுதுவதில்லை என்பது மட்டும் உறுதி.

பவுண்டரி வாசலில் வேங்கடசாமி நின்றுகொண்டிருந்தான். புதன்கிழமையிலிருந்து அவன் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தையே பார்த்தான்.

"காயிதம் வந்துருச்சுங்களா? எனக்குத்தானுங்களே? எதா இருந்தாலும் படிச்சுச் சொல்லிப்போடுங்க."

"உனக்கில்லப்பா," என்றார் ஞானாபரணம். "எனக்கு."

வேங்கடசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. அவனால் அடக்க முடியவில்லை. ஒரு நொடிதான் இருக்கும். உடனே பதறிப்போய், வெந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த முகம் ஞானாபரணத்துக்குத் தெரிந்த முகம். திங்கட்கிழமை காலையில், ஜன்னல் வழியாக இவனைப் பார்த்தபோது, அது அவருடைய முகமாக இருந்தது.

"ஐயோ சாமி, உங்களுக்குங்களா?" என்றான் வேங்கடசாமி. பிறகு, "வாங்க, ஒரு டீ குடிக்கலாமுங்க" என்றான்.

ஞானாபரணம் அவனோடு கேட் கடைக்கு நடந்தார்.